யாபுரா வீட்டுக் கல்

ரொசெந்தா யாபுராவிடம் போய், மர்மக் கற்கள் நிற்கிற பூங்கா எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால், அவள் குப்பைமேட்டுக்கு வழி சொல்லி அனுப்புவாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், கையை நீட்டி, நேராகப் போய் இடது பக்கம் திரும்பச் சொல்வாள். துக்குமான் நகரத்திலிருந்து காரில் மலையேறி வந்த குடும்பங்கள் கறுப்புக் கண்ணாடியும் புதுச் செருப்புமாக, தெருநாய்கள் எலும்பு கடிக்கும் இடத்தில் போய் நின்று திருதிருவென்று விழிக்கும். பூங்கா அவள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

"பாவம், குழந்தைங்களக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க," என்பான் அவள் கணவன் இரெனேயோ.

"குழந்தைங்க குப்பையும் பாக்கட்டும். அதுவும் நம்ம ஊர்தான்."

சமையலறைச் சன்னலைத் திறந்தால் சுவருக்கு மேலே கற்களின் தலைகள் தெரியும். பூங்காவை அங்கே கொண்டுவந்த வருஷமே அவள் அந்தச் சன்னலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு நான்கு மூலையிலும் ஆணி அடித்துவிட்டாள். பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் பால் காய்ச்சுவாள். சீஸ் செய்து விற்பதுதான் அவள் பிழைப்பு. கைப்பக்குவம் உள்ளவள் என்று பள்ளத்தாக்கு முழுக்கப் பேர். ஆனால் அவளுக்குக் கோபம் வந்த வாரத்தில் வாங்கிய சீஸை வெட்டச் சுத்தியல் வேண்டும் என்று சந்தையில் கேலி பேசுவார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டிய வாரத்துச் சீஸ் இன்னும் கெட்டியாக இருந்தது.

ஊரில் அவள் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் ஒருவர் இருந்தார். குபெர்த்தினோ குவாங்கோ. இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் வாசலைக் கடக்காமல் இருக்க ரொசெந்தா ரொட்டிக் கடைக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போவாள். ஏன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்பதில்லை.

அவளுக்குப் பதினோரு வயதில் நடந்தது அது. அப்போது அவர்கள் குடும்பம் மேலே, பஹோனல் சரிவில் இருந்தது. அப்பா நிக்காசியோ யாபுரா விதை உருளைக்கிழங்கு போடுவார், பத்துப் பன்னிரண்டு மாடு வைத்திருந்தார். நிலத்தின் நட்டநடுவே ஒரு கல் நின்றது. யார் நட்டது, எப்போது நட்டது என்று அவருக்கும் தெரியாது, அவர் அப்பாவுக்கும் தெரியாது. ஏர் ஓட்டும்போது அதைச் சுற்றி ஓட்டுவார்கள், அவ்வளவுதான். ஆகஸ்ட் பிறந்தால் அப்பா அதன் காலடியில் குழி தோண்டி, பூமித்தாய்க்குச் சோறும் கோக்கா இலையும் போட்டுச் சாராயம் ஊற்றுவார். அப்படியே கல்லிடமும் பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவதுபோல், "இந்த வருஷமாவது பனியக் கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லுப்பா" என்பார். கன்றுக்குட்டிகள் அதில் முதுகு சொறிந்துகொள்ளும். ரொசெந்தா அதன் நிழலில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாருவாள்.

அது ராணுவ ஆட்சி நடந்த காலம். கீழே கரும்பு ஊர்களில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். மேலே பள்ளத்தாக்கில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒருநாள் உத்தரவு வந்தது. அங்கங்கே சிதறி நிற்கும் கற்களையெல்லாம் பெயர்த்துக்கொண்டுபோய் அணைக்கட்டுக்குப் பக்கத்துக் குன்றில் வரிசையாக நட வேண்டும், சாலையில் போகிறவர்கள் காரில் இருந்தபடியே பார்க்கலாம் என்று. நிலத்துக்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பஹோனலுக்கு ஒரு லாரி வந்தது, சிப்பாய்கள் வந்தார்கள், பண்ணையார் வீட்டு டிராக்டர் வந்தது. டிராக்டரை ஓட்டி வந்தவர்தான் குபெர்த்தினோ. அப்பா சண்டை போடவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்க் கல்லின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கச் சொன்னார்கள், எழுந்திருக்கவில்லை. ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையைத் திருப்பிப் பிடித்தான். ரொசெந்தா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அப்பா உட்கார்ந்திருந்த விதம் அவளுக்கு நெஞ்சு நிறையப் பெருமையாக இருந்தது. தம்பி ஃபெர்மின் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதான்.

அப்போது கூட வந்திருந்த ராணுவ அதிகாரி அந்தச் சிப்பாயை விலகச் சொன்னார். வயது அதிகம் இல்லை, கத்தரித்த மீசை. அப்பா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். பிறகு தலையைத் தூக்கி ரொசெந்தாவைப் பார்த்துச் சிரித்து, இங்கே வா என்று கூப்பிட்டார். எத்தனாவது படிக்கிறாய், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எந்த வழியாகப் போவாய், கூட யார் வருவார்கள் என்றெல்லாம் கேட்டார். ஐந்தாவது படிக்கிறேன், ஆற்றங்கரைப் பாதையில் தனியாகவே நடந்து போவேன், எனக்குப் பயமில்லை என்று அவள் கணீரென்று சொன்னாள். கெட்டிக்காரப் பெண் என்று அவர் தலையைத் தட்டி அம்மாவிடம் அனுப்பிவிட்டார்.

அவள் வேலிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது அப்பா எழுந்து நின்றிருந்தார். பின்புற மண்ணைத் தட்டிக்கொண்டார். குபெர்த்தினோ சங்கிலியை எறிந்தார். அதைப் பிடித்துக் கல்லின் இடுப்பில் சுற்றிக் கட்டியது அப்பாதான். டிராக்டர் இழுக்க, கல் பிடுங்கிக்கொண்டு வந்தது.

கல் போனதுகூட அவளுக்கு ஆறியிருக்கும். அப்பா சங்கிலியைப் பிடித்தது ஆறவில்லை. ஒரு அடி, ஒரே ஒரு அடி வாங்கிவிட்டு எழுந்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக வாய் திறந்து எதுவும் பேசவில்லை. கல்யாணமாகிக் கீழே ஊருக்கு வந்தாள். அப்பாவுக்கு முடியாமல் போனபோது தன் வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டாள். மூத்திரம் அள்ளினாள், கஞ்சி ஊட்டினாள். கடைசி நாளில் அவர் அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்லவந்தார். "தண்ணியா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைப் புதைத்தபோது அவள் அழாததை ஊர் பார்த்தது.

கற்களோ குன்றின்மேல் காற்றிலும் உறைபனியிலும் பல வருஷம் கிடந்தன. வந்து போனவர்கள் அவற்றில் ஆணியால் பேர் செதுக்கினார்கள், இதயம் வரைந்தார்கள். சில விழுந்தன, சிலவற்றுக்குச் சிமெண்டு பூசினார்கள். பிறகு இன்னொரு அரசு வந்து, மறுபடியும் எல்லாவற்றையும் பிடுங்கி, ஊர் நடுவே வேலி போட்டு நட்டு, பூங்கா என்று பேர் வைத்தது. அதுவும் போயும் போயும் ரொசெந்தாவின் கொல்லைப்புறத்தில்.

ஒரு ஜூன் மாதத்துக் காலை, ரொசெந்தா தயிர்க்கட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது ஃபெர்மின் வந்தான். இப்போது தலை நரைத்துவிட்டது, பழங்குடிச் சமூகத்தின் சபையில் உறுப்பினர், மாட்டுத்தீவன வியாபாரம். இரெனேயோ கொடுத்த மாத்தே இலைக் கஷாயக் குடுவையை வாங்கி, குழாயை உறிஞ்சிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தான்.

"அக்கா, பூங்காவுல பலகையெல்லாம் மாத்தப் போறாங்க. சபையில சண்டை போட்டு வாங்கியிருக்கோம். எந்தக் கல் எந்தக் குடும்பத்து நிலத்துல இருந்துச்சுன்னு அவங்கவங்க வந்து காட்டினா, பேரை எழுதுவாங்களாம்."

"இப்ப என்ன எழுதியிருக்கு?"

ஃபெர்மின் இரெனேயோவைப் பார்த்தான். இரெனேயோ கூரையைப் பார்த்தான்.

"சொல்லுடா."

"பாதிக் கல்லுங்கள்ல 'வந்த இடம் தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கு."

ரொசெந்தா பிழிவதை நிறுத்தினாள். முழங்கை வரை மோர் வழிந்தது.

"தெரியலையா. பட்டாளத்தோட வந்து, டிராக்டர் வெச்சு இழுத்துட்டுப் போனவனுக்கு எங்கேர்ந்து இழுத்தான்னு தெரியலையா."

"அதுக்குத்தான் கூப்பிட வந்தேன். நம்ம கல்ல அடையாளம் காட்டணும். எனக்கு அப்ப ஏழு வயசு. உனக்குத்தான் நல்லா நெனவிருக்கும்."

"கண்ண மூடிக்கிட்டுக் காட்டுவேன்," என்றாள் ரொசெந்தா. இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, அப்படியே வாசலைத் தாண்டினாள். பாத்திரத்தில் கிடந்த தயிர்க்கட்டி அன்று வீணாயிற்று.

பூங்கா வாசலில் யெசிக்கா என்ற பெண் இருந்தாள். ஊர்ப்பெண்தான், வழிகாட்டி வேலை. பழக்கதோஷத்தில் நுழைவுச்சீட்டுக் கட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

"எங்கப்பன் நெலத்துக் கல்லப் பாக்க எனக்குச் சீட்டா?"

"ஐயோ இல்ல ரொசெந்தா அம்மா, கை தானா போயிடுச்சு. உள்ள போங்க."

முதல்முறையாக ரொசெந்தா உள்ளே கால் வைத்தாள். புல் ஒட்டக் கத்தரித்திருந்தது. கற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒவ்வொன்றின் அடியிலும் சிமெண்டு வட்டமாக நின்றன. அவள் விடுவிடுவென்று நடுவில் போய், எல்லாவற்றையும்விட உயரமான, மேலே முகம் செதுக்கிய கல்லின் முன்னால் நின்று, "இதுதான்," என்றாள்.

ஃபெர்மின் பின்னங்கழுத்தைச் சொறிந்தான். "இல்லையே அக்கா. நம்ம கல்லுல கோடு இருந்துச்சு. நான் வெரல வெச்சுத் தடவிக்கிட்டே இருப்பேன். அதோ, அந்த அகலமானதுதான்."

"மொகம் இருந்துச்சு. நான் அதைப் பாத்துத்தான் பொம்மைக்கு மொகம் வரைவேன்."

"கோடு அக்கா."

"உனக்கு மூக்கு ஒழுகினாத் தொடைக்கத் தெரியாது அப்ப. கோட்டக் கண்டுட்டான்."

யெசிக்கா தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். அந்த உயரக் கல்லைச் சாய்லே குடும்பம் போன வாரமே காட்டிவிட்டது என்றாள். வாய்ப்பேச்சு இல்லை, படம் கொண்டுவந்திருந்தார்கள். கல்லைப் பிடுங்குவதற்கு முன் அவர்கள் நிலத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் அதன்மேல் சாய்ந்து நிற்கிற படம். அதே முகம், அதே மூக்கு உடைசல்.

ரொசெந்தா அந்தக் கல்லுக்கு முதுகைக் காட்டினாள். அடுத்த கல்லுக்குப் போனாள். அதற்கடுத்ததற்குப் போனாள். பிறகு அத்தனை கல்லையும் சுற்றிச் சுற்றி வந்தாள். சிலதைக் குனிந்து பார்த்தாள், சிலதைக் கையால் தட்டினாள். ஒன்றுகூட அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கண்ணை மூடினால் வந்து நின்ற கல், கண்ணைத் திறந்து தேடும்போது இல்லை. தன்மேல் வந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஃபெர்மின்மேல் பாய்ந்தாள்.

"இவ்ளோ வருஷம் சபையில உக்காந்து என்னடா கிழிச்சிங்க? அப்பா உசிரோட இருக்கும்போது இந்தப் பலகைய எழுதியிருந்தா அவரக் கூட்டியாந்து காட்டியிருக்கலாம்ல?"

"அப்பாகிட்ட நீ பேசியிருந்தா நீயே கேட்டிருக்கலாம்," என்றான் ஃபெர்மின். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இரண்டு பேரும் வாசல்வரை நடந்தார்கள். வெளியே வந்ததும் ஃபெர்மின் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அன்னிக்குக் கூட இருந்தவரு இன்னொருத்தர் இருக்காரு."

அவன் யாரைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று முழுக்க முடியாது என்றாள், மறுநாளும் முடியாது என்றாள். மூன்றாம் நாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, சுற்றுவழியில் போகாமல் நேர்வழியில் நடந்து குபெர்த்தினோ குவாங்கோவின் வாசலில் நின்றாள்.

அவர் சுவரில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். இடுப்பு எலும்பு போய், சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நாளாயிற்று. மடியில் வானொலி கரகரத்தது.

"நிக்காசியோ மகளா," என்றார். "நான் செத்தப்புறந்தான் நீ வருவன்னு நெனச்சேன்."

"உங்க சாவுக்கு நான் வரமாட்டேன். எங்க கல்லு எதுன்னு கேக்க வந்தேன்." அவள் மரியாதையைக் குறைக்கவில்லை. குறைத்தால் உறவாகிவிடும் என்று பட்டது.

"வாயால சொன்னா வெளங்காது. என்னத் தூக்கிட்டுப் போங்க, காட்டுறேன்."

"அடையாளத்தச் சொல்லுங்க, போதும்."

"தூக்கிட்டுப் போனாத்தான். எனக்கும் இந்தச் சுவரையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு."

ஆக, ஃபெர்மினின் வண்டியில் தீவன மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியை வைத்துக் கிழவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பூங்காவுக்குள் தள்ளிக்கொண்டு வந்ததும் அவருக்கு ஒரே உற்சாகம். வானொலியை மடியில் பாடவிட்டு, திருவிழாவுக்கு வந்தவர்போல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்தா, இவன் ரொம்பப் படுத்தினான், சங்கிலி ரெண்டு அறுந்துச்சு. அவன் லாரிலேர்ந்து குதிச்சுட்டான், ஒரு சிப்பாய்க்குக் கால் நசுங்கிச்சு. அதோ அந்தக் குண்டன் இருக்கானே, அவன ஏத்த ஒரு நாள் பூரா ஆச்சு."

ரொசெந்தா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவள் அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்த கல், இந்த ஆளுக்குச் சுமைக்கணக்கு.

"அதோ," என்று கிழவர் தடியை நீட்டினார். "கக்கூஸ் பக்கத்துல."

கழிப்பறைச் சுவரை ஒட்டி, அவள் மார்பளவுகூட வராத ஒரு குட்டைக் கல் நின்றது. தலை வெட்டினாற்போல் தட்டையாக இருந்தது. முகமும் இல்லை, கோடும் இல்லை.

"இது இல்ல. எங்களோடது ஒசரம்."

"ஒசரந்தான். வர்ற வழியில, ஓடைத் திருப்பத்துல சங்கிலி நழுவி விழுந்து ரெண்டாப் போச்சு. மேல் பாதிய யாரு திரும்ப ஏத்துறது? அங்கயே தள்ளிவிட்டுட்டு வந்தோம். அப்பறம் ரோட்ட அகலப்படுத்தினாங்கல்ல, மண்ணு போட்டு மூடிட்டாங்க."

"மொகம்?" என்றாள் ரொசெந்தா.

"மேல் பாதியில."

"கோடு?" என்றான் ஃபெர்மின்.

"அதுவும் அங்கதான். மொகத்துக்குக் கீழ, கழுத்துல மால போட்டாப்ல இருக்கும்."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவர் சொன்னதும் சரி. இருவர் சொன்னதும் சாலைக்கு அடியில் கிடந்தது, மேலே பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

ரொசெந்தா அந்தக் குட்டைக் கல்லை நெடுநேரம் பார்த்தாள். இதுதான் என்று அவள் மனசு சொல்லவில்லை. உலகத்தில் யார் பேச்சை நம்பக்கூடாது என்று வைத்திருந்தாளோ, அந்த ஒருவருடைய பேச்சை நம்பினால்தான் இது அவள் கல்.

"நல்ல வேல பாத்திங்க," என்றாள். "ஒடைச்சிங்க, பாதிய ஓடையில போட்டிங்க, மீதிய இங்க கக்கூஸ் வாசல்ல காவலுக்கு நிறுத்தினிங்க. ஒருநாளாவது உறுத்துச்சா உங்களுக்கு?"

"எதுக்கு உறுத்தணும்? டிராக்டர் என்னுது இல்ல, உத்தரவும் என்னுது இல்ல. பண்ணையார் போன்னாரு, போனேன்."

"எங்கப்பாவும் அப்படித்தானே. சங்கிலியப் பிடின்னதும் பிடிச்சாரு. ஒரு அடிகூட வாங்காம."

கிழவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"நான் எஞ்சின நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். எனக்கு எல்லாம் கேட்டுச்சு. அந்த ஆபீசர் உங்கப்பன்கிட்ட, சுட்டாலும் எந்திரிக்க மாட்டியான்னு கேட்டான். மாட்டேன்னான் உங்கப்பன். அப்பறந்தான் உன்னக் கூப்பிட்டான். எத்தனாவது படிக்கிற, எந்த வழியாப் போவன்னு கேட்டானா? நீ போனப்பறம் உங்கப்பன்கிட்டத் திரும்பி, 'ஆத்தங்கரைப் பாதை. தனியா'ன்னான். அவ்ளோதான் சொன்னான். உங்கப்பன் எந்திரிச்சுட்டான்."

கழிப்பறையிலிருந்து ஒரு பெண்மணி கையை உதறிக்கொண்டே வந்து, இவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

ரொசெந்தாவுக்குத் தன் குரல் கேட்டது. பதினோரு வயதுக் குரல். தனியாகவே போவேன், பயமில்லை என்று கணீரென்று சொன்ன குரல். அந்த வருஷம் முழுக்க அப்பா ஏதேதோ சாக்குச் சொல்லிக் குதிரையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும், அவள் அவர் முதுகைப் பிடிக்காமல் சேணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போனதும் நினைவுக்கு வந்தது.

"இத்தன வருஷமா இத வாயில வெச்சுக்கிட்டு ரெண்டு தெரு தள்ளி உக்காந்திருந்திங்களா?"

"நீ எனக்கு ஒரு வணக்கம் சொல்லியிருக்கியா? நான் எப்பச் சொல்றது?"

"எங்கப்பா சாகக் கெடந்தப்ப ஆளனுப்பியாவது சொல்லியிருக்கலாம்."

"அவனே சொல்லலியே. அப்பன் மகளுக்குள்ள நான் எதுக்கு வாய வெக்கணும்?" கிழவர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மூடுபனி வருது. என்னக் கொண்டுபோய் விடுங்க."

ஃபெர்மின்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போனான். ரொசெந்தா உதவிக்குக்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகும் அவள் அவருக்கு வணக்கம் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னவர் என்பது வேறு, டிராக்டர் ஓட்டியவர் என்பது வேறு. இரண்டையும் கலக்க அவளுக்கு விருப்பமில்லை.

அன்றே அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். பூ கொண்டுபோகவில்லை. அப்பாவின் சிலுவை முன்னால் இடுப்பில் கையை வைத்து நின்று, பக்கத்து மேட்டில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள்.

"வாய் இல்லையா உங்களுக்கு? ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சிருக்கும்? என்னக் கல்லு மாதிரி ஆக்கிட்டுப் போயிட்டிங்க. பயந்துடுவேன்னு நெனச்சிங்களா? நான் என்ன பயந்த புள்ளையா?"

பயந்த பிள்ளை இல்லைதான். அதனால்தான் அவர் சொல்லவில்லை என்று வீடு திரும்பும் வழியில் அவளுக்குப் புரிந்தது. சொல்லியிருந்தால், அதே ஆற்றங்கரைப் பாதையில் வேண்டுமென்றே தனியாக நடந்திருப்பாள். புரிந்தபிறகும் கோபம் தணியவில்லை. ஆனால் அது போய் நிற்கும் இடம் மாறிவிட்டது. இத்தனை நாள் அப்பாமேல் இருந்ததையெல்லாம் இறக்க வேண்டியிருந்தது. கத்தரித்த மீசைக்காரனின் பேர் யாருக்கும் தெரியாது. இருக்கிறானோ செத்தானோ, எந்த ஊரில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறானோ. பேர் தெரியாதவன்மேல் கோபப்படுவது, கைப்பிடி இல்லாத வாளியைத் தூக்குவதுபோல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பலகை வந்தது.

யெசிக்காவே சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். ரொசெந்தா போய்ப் படித்தாள். 'பஹோனல், யாபுரா குடும்பத்து நிலத்திலிருந்து இடம் மாற்றப்பட்டது.'

"இடம் மாத்தினாங்களா," என்றாள். "பூந்தொட்டியா இது? பிடுங்கினாங்க. பிடுங்கப்பட்டதுன்னு எழுதச் சொல்லு."

"அம்மா, எல்லாக் கல்லுக்கும் அதே வார்த்ததான். மேலேர்ந்து வந்தது."

"மேலேர்ந்து வந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும்."

ஃபெர்மின் அலுவலகத்துக்கு அலைந்தான். அங்கே கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் பொறுமையாக விளக்கினாராம். இது சுற்றுலா வருகிறவர்கள் படிக்கிற பலகை, கடுமையான சொற்கள் கூடாது, பழசைக் கிளறுவது நோக்கம் அல்ல என்று. அதை ஃபெர்மின் அப்படியே வந்து அக்காவிடம் ஒப்பித்தான். அதைச் செய்திருக்கக் கூடாது. மறுநாள் காலையில் ரொசெந்தா சீஸ் வெட்டும் கத்தியோடு பூங்காவுக்குள் போய், 'இடம் மாற்றப்பட்டது' என்ற எழுத்துகளை மட்டும் பட்டப்பகலில், ஆள் பார்க்க, ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். குடும்பப் பேரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

புதுப் பலகை வைத்தார்கள். அதையும் சுரண்டினாள். காவலரைக் கூப்பிட்டார்கள். வந்தவன் அவளிடம் சின்ன வயதிலிருந்து சீஸ் வாங்கித் தின்றவன். கத்தியைக் கொடுங்கள் அம்மா என்று கெஞ்சினான். கொடுத்தாள். வீட்டில் இன்னும் இரண்டு இருந்தன.

ஆகஸ்ட் பிறந்தபோது அவள் அப்பாவைப்போலவே குட்டைக் கல்லின் காலடியில் குழி தோண்டப் போனாள், சிமெண்டு இடித்தது. இரெனேயோ, வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதன், கடப்பாரையோடு பின்னாலேயே வந்து, சிமெண்டு வட்டத்தை ஒரு முழம் உடைத்துக் கொடுத்தான். சாய்லே வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தங்கள் கல்லுக்கும் கடப்பாரையை இரவல் கேட்டார்கள். அன்று மாலைக்குள் பூங்காவில் பாதிக் கற்களின் காலடி மண்ணைப் பார்த்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் சபை அதைத் தன் தீர்மானமாக எழுதிக்கொண்டது. நடந்த பிறகு எழுதுவதில் சபையை மிஞ்ச ஆளில்லை என்றாள் ரொசெந்தா.

மூன்றாவது பலகை வந்தபோது, அலுவலகத்தில் யாரோ சலித்துப்போயிருக்க வேண்டும். 'பஹோனல், யாபுரா குடும்பத்து நிலத்திலிருந்து' என்பதோடு வாக்கியம் நின்றுவிட்டது. மீதி வெறுமையாக இருந்தது. ரொசெந்தா அதைப் படித்துவிட்டுக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் கேட்ட வார்த்தை வரவில்லை, ஆனால் அவர்கள் வார்த்தை போய்விட்டது.

இப்போது வருகிறவர்கள் அந்தக் குட்டைக் கல்லின் முன்னால் நின்று, நிலத்திலிருந்து என்ன ஆனது, வாக்கியம் முடியவில்லையே என்று கேட்கிறார்கள். "சுவருக்கு அந்தப் பக்கம் சீஸ் விக்கிற அம்மாகிட்டக் கேளுங்க," என்கிறாள் யெசிக்கா. வந்து கேட்டால் ரொசெந்தா சொல்கிறாள். உட்காரச் சொல்வதில்லை, தேன் தடவிச் சொல்வதில்லை. மர்மம் ஒன்றும் கிடையாது, திருடினார்கள் என்று ஆரம்பிக்கிறாள். எங்கப்பா உட்கார்ந்தார், சுட்டாலும் எந்திரிக்க மாட்டேன் என்றார் என்கிறாள். ஆற்றங்கரைப் பாதையைச் சொல்லும்போது ஒவ்வொருமுறையும் குரல் உயர்ந்துவிடுகிறது, எதிரே நிற்கிற ஆள்தான் அந்த அதிகாரி என்பதுபோல. சிலர் கேட்டுவிட்டுச் சீஸ் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சிலர் பாதியிலேயே மெல்ல நழுவிவிடுகிறார்கள். நழுவுகிறவர்களை அவள் தெருமுனை வரைக்கும் பின்தொடர்ந்து போய் மீதியைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புகிறாள்.